தண்ணீர் விலகாத இடம்

மின்விசிறியைக் குறைத்ததற்கு நன்றி. தாள் பறந்துகொண்டே இருந்தால் எழுதுகிறவனுக்குத் தாளைப் பிடிப்பதுதான் வேலையாக இருக்கும். பால் விடாத தே ஓவும் நன்றாக இருந்தது. சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல். காவல் நிலையத்தில் தமிழிலேயே எழுதித் தரலாம் என்று நீங்கள் சொன்னது எனக்கு ஆச்சரியம். இதை ஆங்கிலத்தில் மாற்றப்போகிறவர் மொழிபெயர்ப்பாளர் திரு ரவூப் என்றார்கள். ரவூப் ஐயா, எனக்கு எதையும் சுற்றிவளைத்துச் சொல்லித்தான் பழக்கம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் அலெக்சாண்டர். வயது இருபது. பாலிடெக்னிக்கில் இயந்திரவியல், கடைசி ஆண்டு. என்னை யாரும் அழைத்து வரவில்லை. காளாங்கிலிருந்து பேருந்து பிடித்து நானேதான் வந்தேன்.

பிரிஜட் அக்காவின் சாவுக்குத் தன் கவனக்குறைவுதான் காரணம் என்று அவருடைய கணவர் இஞ்ஞாசி அண்ணன் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். வருகிற திங்கட்கிழமை நீதிமன்றத்திலும் அதையே சொல்லப் போகிறார். சிறைக்குப் போனாலும் பரவாயில்லை என்கிறாராம். அவர் சொல்வது தவறு. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். பொய்யைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். தொழில்நுட்பப் பிழையைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

எங்கள் ஆரோக்கியநாதர் கோயில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால், மசாலா அரைக்கும் கடைக்கும் தையற்கடைக்கும் நடுவில் இருக்கிறது. பூசை நேரத்தில் மிளகாய்த்தூள் நெடி வரும். பாவத்துக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் யார், மிளகாய்க்காக விடுகிறவர்கள் யார் என்று பங்குச் சாமியாருக்கே தெரியாது. பீடத்துக்குப் பின்னால் இருந்த பழைய பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் உருவம், மரத்தால் ஆனது. அதைக் கரையான் தின்றுவிட்டது. புதிதாக அலுமினியத்தில் வார்ப்பதென்று இந்த ஆண்டுத் தொடக்கத்தில் பங்குக் குழு முடிவெடுத்தது. கேலாங்கில் ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, நடத்தும் பட்டறையில் வார்த்தார்கள். அவர் அதுவரை படகு இயந்திரத்துக்கு மூடி வார்த்துக்கொண்டிருந்தவர். அதனாலோ என்னவோ ஆண்டவரின் முகம் கொஞ்சம் அவசரத்தில் இருப்பதுபோல் வந்திருந்தது. எடை நாற்பத்தொரு கிலோ.

வார்ப்பைத் தேக்குச் சிலுவையில் எப்படிப் பொருத்துவது என்பதில்தான் எல்லாம் தொடங்கியது. போல்ட்டு போடலாம் என்றார் ஒருவர். ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியார் மரியஅந்தோணி எழுந்து நின்றுவிட்டார்.

"ஏற்கனவே அடிச்ச ஆணி பத்தாதா? நாம வேற ட்ரில் எடுத்து ஓட்டை போடணுமா? அவர் உடம்புல இன்னும் ஒரு ஓட்டை விழுந்துச்சுன்னா நான் இந்தக் கோயில் படியே மிதிக்கமாட்டேன். சொல்லிட்டேன்."

போல்ட்டு யோசனை அதோடு போயிற்று. இந்த வாதத்துக்கு எந்தப் பொறியியல் கல்லூரியிலும் பதில் சொல்லித் தருவதில்லை.

அப்போதுதான் இஞ்ஞாசி அண்ணன் பின்வரிசையிலிருந்து, "ஒட்டலாம்," என்றார். அவர் சிலேத்தாரில் விமானப் பாகங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறவர். ஒரு நாளைக்கு நான்கு வார்த்தை பேசினால் அதில் மூன்று வேலையைப் பற்றியதாக இருக்கும்.

"ஒட்டறதா? கடுதாசி ஒட்டுற மாதிரியா?" என்றார் உபதேசியார்.

"ஏரோப்ளேன் றெக்கையில உள்ள தகட்டையே ஒட்டித்தான் விடுறோம், உபதேசியாரே."

"கேட்டீங்களா? இனிமே நான் கப்பல்ல போயிக்கிறேன்," என்றார் பக்கத்தில் இருந்த பிரிஜட் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். அக்கா தோ பாயோவில் ஒரு தையல் ஆலையில் மேற்பார்வையாளர். முப்பது இயந்திரங்களின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர். அவர் ஒன்று சொன்னால் கோயில் முழுக்கக் கேட்கும்.

நான் எங்கள் பங்கு இளைஞர்கள் நடத்தும் 'இளையோர் மடல்' என்ற பத்திரிகையில் எழுதுகிறேன். ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைலில் நூற்றிருபது பிரதி. புனைபெயர் 'கொசு'. ஜூன் மாத மடலில் இப்படி எழுதினேன்: "வானத்திலிருந்து இறங்கினார் என்று விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோம். எங்கள் கோயிலில் அது மறுபடியும் நடக்கவிருக்கிறது. பசை காய்வதைப் பொறுத்து, திருவிழாவுக்கு முன்பே எதிர்பார்க்கலாம். விசுவாசிகள் முன்வரிசையைத் தவிர்க்கவும்."

நல்ல வரவேற்பு. பங்குச் சாமியாரே வாய்விட்டுச் சிரித்தார் என்று கேள்விப்பட்டேன். இஞ்ஞாசி அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. மடலை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சரியா ஒட்டலேன்னா நீ எழுதினதுதான் நடக்கும். அதனால நீயும் கூட இரு. வா," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு உதவிக்கு ஆள் வேண்டும், எனக்கு இந்த விஷயம் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். அவர் என்னை நம்பினார் என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அது அவருக்குச் சாதகமான விஷயம்.

ஜூலை பதினொன்று, சனிக்கிழமை. கோயில் மண்டபத்தில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போர்வை விரித்துச் சுரூபத்தைக் குப்புறப் படுக்கவைத்தோம். முதுகுப் பக்கத்தில் நான்கு இடங்களில் உள்ளங்கை அளவுக்குத் தட்டையான திட்டுகள். சிலுவையில் அவற்றுக்கு நேராக நான்கு எஃகுத் தகடுகள். திட்டும் தகடும்தான் ஒட்ட வேண்டும்.

ரவூப் ஐயா, இந்தப் பகுதியை அவசரப்படாமல் மொழிபெயர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். வழக்கே இதில்தான் இருக்கிறது. வார்த்த உலோகம் பார்ப்பதற்குத்தான் கெட்டி. உள்ளே ரொட்டி மாதிரி, கண்ணுக்குத் தெரியாத துளைகள். பட்டறையில் அந்தத் திட்டுகளை மட்டமாகச் சீவும்போது ஊற்றிய எண்ணெய் அந்தத் துளைகளில் இறங்கி உட்கார்ந்திருக்கும். மேலே துடைத்தால் சுத்தமாகத் தெரியும். சூடு பட்டதும் மெல்ல வெளியே வரும். இஞ்ஞாசி அண்ணன் விளக்கு வைத்துச் சூடு காட்டுவார். எண்ணெய் வியர்க்கும். அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரே திசையில் ஒருமுறை இழுப்பார். துணியைத் தூர எறிவார். அடுத்த துணி. மறுபடியும் சூடு. துணி வெள்ளையாகப் போய் வெள்ளையாகவே திரும்பும்வரை. ஒவ்வொரு திட்டுக்கும் பத்துப் பன்னிரண்டு தடவை.

துணி பிரிஜட் அக்கா கொண்டுவந்தது. பழைய படுக்கை விரிப்புகளைச் சதுரமாக வெட்டி ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கியிருந்தார்.

"நாலு தடவ தொவச்சேன்லா. சோப்பு வாடைகூட இருக்கக் கூடாதாம். கல்யாணத்தன்னைக்கு என் மூஞ்சிய இவ்வளவு உத்துப் பாக்கல இந்த மனுசன்."

"பாத்தேன்," என்றார் அண்ணன், தலையைத் தூக்காமல்.

பிறகு எமரி உப்புத்தாளால் தேய்த்தார். மறுபடியும் துணி. பிறகு ரப்பர் உறை போட்டுக்கொண்டு பட்டறையிலிருந்து கொண்டுவந்த அமிலக் கலவையைத் தடவி, நேரம் பார்த்து, தண்ணீர் விட்டுக் கழுவினார். மதியம் ஆகிவிட்டது. அதற்குள் பூசைக்கு வந்தவர்கள், பாட்டுப் பயிற்சிக்கு வந்தவர்கள், சும்மா வந்தவர்கள் என்று இருபது பேர் சுற்றி நின்றார்கள். பாதிப்பேர் என் மடல் படித்த ஞாபகத்தோடு என்னையும் பார்த்தார்கள்.

சோதனை இதுதான். திட்டின்மேல் காய்ச்சி வடித்த தண்ணீரைக் கொஞ்சம் ஊற்ற வேண்டும். பரப்பு சுத்தமாக இருந்தால் தண்ணீர் ஒரே ஏடாகப் படர்ந்து நிற்கும். எங்கேயாவது எண்ணெயின் நிழல் இருந்தால்கூட அங்கே விலகி முத்து முத்தாக ஒதுங்கிக்கொள்ளும். நான்கு திட்டுகளிலும் ஊற்றினார். நான்கிலும் தண்ணீர் கண்ணாடி வைத்ததுபோல் நின்றது. அப்படி ஒரு சுத்தத்தை நான் பாலிடெக்னிக்கில் பார்த்ததில்லை. இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

"இப்ப பாரு," என்று என்னிடம் ஒரு துண்டு அலுமினியத்தை நீட்டினார். அதையும் அதேபோல் சுத்தம் செய்திருந்தார். "கட்டை விரலை வை." வைத்தேன். தண்ணீர் ஊற்றினார். என் விரல் பட்ட வட்டத்தைச் சுற்றி மட்டும் தண்ணீர் பின்வாங்கி, சுருண்டு, ஓரத்தில் போய் நின்றது.

அவர் பாடம் நடத்தத்தான் அதைச் செய்தார். பிரிஜட் அக்காவுக்குத்தான் வேறு விதமாகத் தெரிந்தது.

"பாத்தியா தம்பி! நீ கை வச்ச இடத்துல தண்ணிகூட நிக்கமாட்டேங்குது. இவரு ஒட்டுறது விழும்னு நீ எழுதுற. முதல்ல போயி கையக் கழுவிட்டு வாடா!"

இருபது பேர் சிரித்தார்கள். யாரோ, "கொசுவுக்கு மருந்தடிச்சாச்சுலா!" என்றார். அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் நான் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று ஞாபகம். எனக்கு அக்காமேல் எந்த வருத்தமும் இல்லை. நகைச்சுவை தெரிந்தவர்கள் குறைந்துவரும் காலத்தில் அவர் ஒரு விதிவிலக்கு.

அண்ணன் திட்டுகளில் தண்ணீரை உலரவிட்டார். ஒட்டும் பசை இரண்டு டின். வெயிலுக்குப் பயந்து அவற்றைப் பங்குச் சாமியார் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார். அதை எடுக்கப் போனார். சாப்பாட்டு நேரம் என்பதால் கூட்டமும் கலைந்துவிட்டது. அக்கா தன் பிள்ளைகளுக்குச் சோறு வாங்கப் போனார்.

"யாரும் தொடக்கூடாது. நீயும் தொடக்கூடாது. நாலு மணி நேரத்துக்குள்ள ஒட்டிடணும். பாத்துக்கோ," என்றார் அண்ணன். போய்விட்டார்.

அவர் திரும்பி வர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. சமையற்காரம்மாள் டின்களை மீனுக்குப் பின்னால் தள்ளிவிட்டிருந்தாராம்.

அந்த இருபத்தைந்து நிமிடத்தில் உபதேசியார் வந்தார். எங்கள் உபதேசியாரைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய சட்டைப் பையையும் தெரியும். அதில் எப்போதும் வேளாங்கண்ணியிலிருந்து வந்த மந்திரித்த எண்ணெய் ஒரு சின்னப் புட்டியில் இருக்கும். பங்கில் யார் எது வாங்கினாலும் அதில் ஒரு சிலுவை போடாமல் விடமாட்டார். தையல் இயந்திரம், வாடகைக் கார், புது வீட்டுக் கதவு, என் தங்கையின் கால்குலேட்டர். அன்றைக்கும் புட்டியைத் திறந்துகொண்டுதான் வந்தார்.

"நெத்தியில போடணும். திருப்பி வையேன் தம்பி."

"திருப்ப முடியாது உபதேசியாரே. நாப்பது கிலோ."

அவர் முகம் வாடியது. என்னால் பெரியவர்கள் முகம் வாடுவதைப் பார்க்க முடியாது.

"வேணும்னா இந்த நாலு இடத்துல போடுங்க," என்றேன். "இதுதான் சிலுவையோட சேர்ற இடம். நெத்தியில போட்டா நாளைக்கே யாராவது தொடச்சிடுவாங்க. இங்க போட்டா யாரும் தொட முடியாது. உள்ளேயே இருக்கும்."

"இஞ்ஞாசி ஒண்ணும் சொல்லமாட்டானே?"

"அண்ணனே உங்களத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தாரு."

அவர் கண் கலங்கிவிட்டது. விரலை நனைத்து, ஒவ்வொரு திட்டிலும் பெரிதாக ஒரு சிலுவை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னார். நான்கு சிலுவை, நான்கு மந்திரம். நானும் கூடவே சொன்னேன். முடித்துவிட்டு என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

எண்ணெய் பளபளத்தது. அண்ணன் வந்தவுடன் பார்த்துவிடுவார். பார்த்தால் உபதேசியாரைத் திட்டுவார். அவர் யாரையும் திட்டியதில்லைதான், ஆனாலும் திட்டிவிட்டால்? ஆகவே என் கைக்குட்டையை எடுத்து நான்கையும் மெதுவாகத் துடைத்தேன். பளபளப்பு போய்விட்டது. சாம்பல் நிறத்தில் அண்ணன் விட்டுப்போனதுபோலவே இருந்தது. நான் திட்டுகளைத் தொடவில்லை. அண்ணன் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார். கைக்குட்டைதான் தொட்டது.

அவர் வந்தார். தண்ணீர் சோதனை ஏற்கனவே முடிந்துவிட்டது. திரும்ப நனைத்தால் திரும்ப உலர வேண்டும், நேரம் போய்விடும். கண்ணால் ஒருமுறை பார்த்தார். என்னைப் பார்த்து, "யாரும் தொடலியே?" என்றார். "இல்லண்ணே," என்றேன். பசையைக் கலந்தார். ஒட்டினோம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு மணி நேர வேலையில் எல்லாம் சரியாகியிருக்குமே, ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத் தகுந்த கேள்வி. அவர் மிகவும் களைத்திருந்தார்.

ஒரு வாரம் கழித்துப் பங்கு ஆண்கள் பத்துப்பேர் சேர்ந்து சிலுவையைத் தூக்கிப் பீடத்துக்குப் பின்சுவரில் மாட்டினார்கள். சுரூபம் சிலுவையோடு அசையாமல் இருந்தது. "நாலு திட்டுல ஒண்ணு போதும் எடைய தாங்க. பாக்கி மூணும் நம்ம பயத்துக்கு," என்றார் அண்ணன். அப்படியும் அவர் பயம் தீரவில்லை. சுரூபத்தின் இரண்டு கைகளையும் சுற்றி எஃகுக் கம்பிக் கயிறு போட்டுச் சிலுவையின் உச்சியில் கட்டினார். திருவிழா முடிந்ததும் எடை தொங்கவிட்டுச் சோதித்துவிட்டுத்தான் கழற்றுவேன் என்றார்.

மூன்று ஞாயிறு போயிற்று. நான் முன்வரிசைக்கு நேர் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தால் அக்கா வாசலில் நின்று, "என்ன கொசு, இன்னைக்கும் எறங்கலியா?" என்பார். மூன்று ஞாயிறும் கேட்டார். மூன்று ஞாயிறும் பக்கத்தில் கேட்டுச் சிரிக்க ஆட்கள் இருந்தார்கள்.

ஆகஸ்ட் மடலில் கம்பிக் கயிற்றைப் பற்றி எழுதினேன். வீடமைப்புக் கழகம் கோயிலுக்குள் துணி காயப்போட அனுமதி கொடுத்துவிட்டதா என்று கேட்டேன். பீடத்துக்கு மேலே பொம்மலாட்டம் நடத்தும் ஒரே பங்கு எங்களுடையது என்றேன். நான் எழுதியதிலேயே மிகச் சிறந்தது அதுதான் என்று பலரும் சொன்னார்கள். திருவிழாக் கொடியேற்றம் இந்த ஆண்டு ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி வந்தது. தேசிய தினமும் அன்றுதான். வெளிப் பங்குகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். ஆண்டவரைக் கயிற்றில் கட்டிவைத்திருப்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று குழுவினருக்குக் கவலை வந்துவிட்டது. அண்ணனைக் கேட்கும்படி என்னைத்தான் அனுப்பினார்கள்.

நான் கேட்டேன். அவர் முடியாது என்றார். நான் திரும்பிப் போய், அண்ணன் சரி என்றுவிட்டார், ஆனால் அவருக்கு வேலை நேரம், என்னையே கழற்றிவிடச் சொன்னார் என்று சொன்னேன். அது ஒன்றுதான் இந்த விவகாரத்தில் நான் சொன்ன நேரடியான பொய். மற்றவையெல்லாம் விவாதத்துக்குரியவை.

எட்டாம் தேதி, சனிக்கிழமை, மதியம் ஒரு மணிக்கு ஏணி வைத்து ஏறிக் கம்பிகளை வெட்டினேன். அண்ணன் சிலேத்தாரில் இருந்தார். ஒன்றும் விழவில்லை. கீழே இறங்கி நான்காவது பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். யாராவது வந்து அடிபட்டுவிடக் கூடாதே என்றுதான். பெரிய கதவை உள்ளே தாழிட்டேன். என் எண்ணமெல்லாம், ஆளில்லாத கோயிலில், யாருக்கும் ஒன்றும் ஆகாமல், அது ஒருமுறை விழ வேண்டும் என்பதுதான். விழுந்தால் தூக்கி மறுபடியும் ஒட்டலாம். அலுமினியம் உடையாது.

பக்கத்து அறைக் கதவு ஒன்று இருக்கிறது. சாமியார் உடை மாற்றும் அறை வழியாக வரலாம். அதன் சாவி பூ அலங்காரம் செய்கிறவர்களிடம் இருக்கும்.

விழுந்த நேரம் நான்கு பதினெட்டு. பிறகு நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஐந்தரை மணிக்கு இஞ்ஞாசி அண்ணன் வேலை உடையோடு வந்தார். அக்காவை அதற்குள் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர் நேராகச் சுரூபத்தின் பக்கம் போய்க் குனிந்து அதன் முதுகைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த சிலுவையின் தகடுகளைப் பார்த்தார். பசை முழுவதும் தகடுகளிலேயே இருந்தது. அலுமினியத் திட்டுகளில் ஒரு துளி இல்லை. அவர்கள் தொழிலில் இதைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு கடிதம் மாதிரி. பசை நடுவில் பிளந்தால் பசை மோசம். ஒரு பக்கத்திலிருந்து முழுசாக உரிந்து வந்தால் அந்தப் பக்கத்தைச் சுத்தம் செய்தவன் மோசம்.

அவர் கட்டை விரலால் ஒரு திட்டைத் தடவிப் பார்த்தார். "நான் சரியா தொடைக்கல," என்றார். "அவ நாலு தடவ தொவச்சுக் குடுத்தா. நான் சரியா தொடைக்கல."

அன்றைக்கே உங்களிடம் வந்து எழுதிக் கொடுத்துவிட்டார். நீங்கள் வரவழைத்த நிபுணரும் பரப்பு போதிய அளவு தயார் செய்யப்படவில்லை என்று எழுதியிருக்கிறார். அந்த அறிக்கையைக் குழுவில் வாசித்தார்கள். எனக்கு அதைக் கேட்கச் சகிக்கவில்லை. அந்தப் பரப்பு மிகச் சரியாகத் தயார் செய்யப்பட்டிருந்தது. நான் கண்ணால் பார்த்தேன். தண்ணீர் ஓர் இடத்தில்கூட விலகவில்லை. உபதேசியாரோ எண்ணெயை இன்னும் தாராளமாகப் போட்டிருக்க வேண்டும் என்று அழுதுகொண்டிருக்கிறார். தயவுசெய்து அவரிடம் எதையும் விளக்க வேண்டாம். எழுபத்திரண்டு வயது. அண்ணனிடம் மட்டும் சொல்லுங்கள். அவர் வேலையில் குறை இல்லை என்று தெரிந்தால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னும் ஒரு திருத்தம். சத்தம் கேட்டுத்தான் உள்ளே ஓடினேன் என்று அன்றைக்குக் காவலரிடம் சொல்லியிருந்தேன். நான் உள்ளேயேதான் இருந்தேன் என்பதை மேலே எழுதிவிட்டேன். அக்கா எப்போது வந்தார் என்பதை எழுதவில்லை.

நான்கு மணிக்கு வந்தார். இரண்டு வாளி நிறையச் செவ்வந்தியும் சம்பங்கியும். என்னைப் பார்த்ததும், "என்னடா, இங்க உக்காந்திருக்கே? செபமா? மழை வரப்போகுது லா," என்றார். பீடத்தின் படியில் உட்கார்ந்து பூவை நறுக்க ஆரம்பித்தார். மேலே பார்க்கவில்லை. கம்பி இல்லாததைக் கவனிக்கவில்லை. வேலை மும்முரத்தில் வாய்க்குள்ளே ஏதோ பாடிக்கொண்டிருந்தார்.

நான்கு பத்துக்குச் சத்தம் தொடங்கியது. பசை உரியும்போது பெரிய சத்தம் வராது. டிக் என்று ஒன்று. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் டிக். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. எனக்கு அது என்ன என்று முதல் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. எழுந்து நின்றேன். கூப்பிட வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவரே பாட்டை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"என்னடா சத்தம் அது, டிக்கு டிக்குனு?"

"பல்லி அக்கா," என்றேன்.

"பல்லியா? சொல்லட்டும், சொல்லட்டும். கொடியேத்துற நேரத்துல நல்லதுதான்," என்று சொல்லிவிட்டு, வாளியை இன்னும் இரண்டடி உள்ளே தள்ளிவைத்து, சிலுவைக்கு நேர் கீழே போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் சொன்ன எதையாவது அக்கா சிரிக்காமல் நம்பியது அந்த ஒருமுறைதான். அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.